யானைக்கு வந்த படகு

1

"பயிற்சியின் எல்லாப் பிரிவுகளையும் முடித்துப் பொறுப்பு மருத்துவரின் கையெழுத்தைப் பெறாத எவரையும், மருத்துவ அதிகாரி இல்லாத தீவு நிலையத்தில் தனியாக அமர்த்தக் கூடாது."

மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கான விதிகளில் இது ஒன்று. தெளிவான விதி. காற்புள்ளி கூடச் சரியான இடத்தில் இருக்கிறது. போர்ட் பிளேர் அலுவலகங்களில் குமாஸ்தாவாக நுழைந்து சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். குழப்பமான விதியை மீற எல்லாரும் பயப்படுவார்கள். தெளிவான விதியைத்தான் சுற்றிக்கொண்டு போவார்கள். அது எங்கே முடிகிறது என்று நன்றாகத் தெரிகிறதல்லவா.

மோகினி என்ற அரசு யானை படகில் வந்து போர்ட் பிளேர் படகுத்துறையான ஜெட்டியில் இறங்கி நாளையோடு ஒரு வருஷம் ஆகிறது. அதன் பிறகு நான் அனுப்பிய மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. ஊரில் இருக்கும் உறவினர்கள், "அந்தமானில் பொழுது எப்படிப் போகிறது?" என்று கேட்டு எழுதுகிறார்கள். இப்படித்தான் போகிறது.

காலையில் மரைன் ஹில் வீட்டிலிருந்து இறங்குவேன். துறைமுகக் கம்பத்தைப் பார்ப்பேன். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா இல்லையா என்பதுதான் இந்த ஊரின் தலைப்புச் செய்தி. பிறகு கப்பல் அலுவலகத்துக்குப் போய், வடக்குத் தீவுகளுக்குப் போகும் கப்பல் கல்கத்தாவில் பழுதுபார்க்கும் இடத்திலிருந்து கிளம்பிவிட்டதா என்று கேட்பேன். ஆனி மாதத்திலிருந்து கேட்கிறேன். "அடுத்த வாரம், அண்ணாச்சி" என்கிறார் கவுன்ட்டரில் இருக்கும் தூத்துக்குடிக்காரர். எந்த வாரத்துக்கு அடுத்தது என்று அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

அந்த வடக்குத் தீவுகளில் ஒன்றில் என் ஒரே மகள் வசந்தி இருக்கிறாள். தீவின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே குடியேறியவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிவார்கள்.

2

வசந்தி பிறந்தது இங்கே. அம்மாவிடம் தமிழ், தோழிகளிடம் ஹிந்தி, பரீட்சைக்கு இங்கிலீஷ். கோபம் வந்தால் ஹிந்தி. கணக்குப் போடும்போதும் ஹிந்திதான். "பாரா, தேரா" என்று அவள் எண்ணி முணுமுணுப்பதைக் கேட்கும்போதெல்லாம், கும்பகோணத்துக்கும் எனக்கும் நடுவே இன்னொரு கடல் புகுந்துவிட்டதாகத் தோன்றும்.

பள்ளி முடித்தபின், டாக்டர் இல்லாத தீவுகளில் வைத்தியம் பார்ப்பதற்காக ஆட்களைத் தயார் செய்யும் இரண்டு வருஷப் படிப்பில் சேர்ந்தாள். டாக்டர் வேலையும் இல்லை, கம்பவுண்டர் வேலையும் இல்லை. டாக்டரின் கையும் கண்ணும் தொலைதூரத்தில் இருப்பதுபோல் ஒரு வேலை. முதல் வருஷம் வகுப்பு. ஒரு மரப்பெட்டி நிறைய எலும்புகளை முறைவைத்து மாணவர்களுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். எங்கள் முறை வந்தபோது என் மனைவி சரஸ்வதி பெட்டியை வீட்டுக்குள் விடவில்லை. வசந்தி வாசற்படியில் உட்கார்ந்து, தோள் எலும்பை மடியில் வைத்துக்கொண்டு, மேடு பள்ளங்களின் பெயர்களை மனப்பாடம் செய்தாள். போகிற வருகிறவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஊசி போடுவதற்குப் பச்சைப் பப்பாளி. தையல் போடுவதற்கு வாழைப்பழத் தோல். எங்கள் வீட்டில் அந்த வருஷம் தைக்கப்படாத பழம் கிடைப்பது அரிது.

இரண்டாவது வருஷம் ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி. காயம் கட்டும் அறை, மலேரியா ரத்தப் பரிசோதனை, ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு என்று வரிசையாகப் போய்க் கடைசியில் பிரசவ வார்டு. பயிற்சி கொடுத்த டாக்டருக்கு ஒரு வழக்கம். நோயாளியின் பக்கத்தில் போனதும் யாரும் பேசக் கூடாது. முதலில் கை, பிறகு காது, கடைசியில்தான் வாய். வங்காளிக்கு ஒரு பாஷை, ராஞ்சிக் கூலிக்கு ஒரு பாஷை, தெலுங்கருக்கு ஒன்று. ஆனால் ஈரல் எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் வீங்கும் என்பார். வசந்திக்கு அது பிடித்திருந்தது. வாய்க்கு முறை வந்தபோதுதான் தடுமாறினாள். தஞ்சாவூர்ப் பக்கத்து முதியவர் ஒருவரிடம், "தாத்தா, தர்த் எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். அவர், "அப்படி யாரும் எங்க வீட்ல இல்லையே அம்மா" என்றாராம். வலியைத் தமிழில் கேட்க மறந்துபோன பெண்ணைப் பெற்றுவிட்டேன் என்று நானும் சிரித்தேன்.

பிரசவப் பாடத்துக்கு மரத்தில் செய்த இடுப்பெலும்பும் ஒரு துணிப்பொம்மையும் இருந்தன. பொம்மையை வயிற்றுக்குள் எப்படியெல்லாம் கிடத்தலாம், வெளியிலிருந்து தொட்டே தலை எது, முதுகு எது என்று எப்படிச் சொல்லலாம் என்பது பாடம். வீட்டில் தலையணை உறைக்குள் சின்னத் தேங்காயையும் சுருட்டிய துண்டையும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பழகுவாள். ஒருநாள் சரஸ்வதி உள்ளே கைவிட்டு தேங்காயைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட்டு, "இப்ப சொல்லுடி" என்றாள்.

வசந்தி தடவிப் பார்த்தாள். "குறுக்கே கிடக்கு."

"அப்ப என்ன பண்ணுவே?"

"உடனே டாக்டர்கிட்ட அனுப்புவேன். புக்ல அதான் போட்டிருக்கு."

எழுத்துத் தேர்விலும் அந்தக் கேள்வி வந்தது. அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண் கொடுத்தார்கள்.

3

பிரசவ வார்டுக்கு வசந்தியின் அணி போக வேண்டிய சமயத்தில் மழை பிடித்தது. வார்டின் கூரை ஒழுகியது. பிரசவங்களை வேறொரு சிறிய அறைக்கு மாற்றினார்கள். அங்கே தாதிகள் நிற்கவே இடமில்லை, மாணவர்கள் எங்கே நிற்பது? கூரை சரியானதும் பயிற்சி என்றார்கள். கூரையைச் சரிசெய்யத் தகரம் வேண்டும். தகரம் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். அதற்குள் வடக்குத் தீவின் மருந்தகத்தில் இருந்தவர் காமாலை வந்து திரும்பிவிட்டார். இடம் காலி.

ஆவணியில் உத்தரவு வந்தது. வசந்தியின் பிரசவ வார்டுப் பயிற்சி "நிர்வாகக் காரணங்களால் முடித்ததாகக் கருதப்படுகிறது." அவள் அடுத்த கப்பலில் தீவுக்குச் செல்ல வேண்டும். முழுச் சான்றிதழ் பின்னர் வழங்கப்படும். அதுவரை பதவிப்பெயர் பயிற்சியாளர்தான்.

"கருதப்படுகிறது" என்ற சொல்லை நானும் என் காலத்தில் எவ்வளவோ தட்டச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் அது ஒரு மருந்து. வராதவர் வந்ததாக, படிக்காதது படித்ததாக, எல்லாக் காலியிடங்களையும் நிரப்பும். அதை என் மகள் பெயருக்குப் பக்கத்தில் பார்த்த அன்றுதான் விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள், மரகதம். அவளுக்கும் பிள்ளை குறுக்கே கிடந்தது. கும்பகோணத்தில் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. போகலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊரைப் பற்றி நான் அதிகம் எழுதுவதில்லை என்று உறவினர்கள் குறைப்படுகிறார்கள். எழுதினால் இதைத்தான் எழுத வேண்டும்.

ஜெட்டியில் வசந்தியிடம் விதியைச் சொன்னேன். போக மறுத்து மனுச் செய்யலாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"அப்பா, நான் போகலேன்னா அங்க யாருமே இல்ல," என்றாள். "விதிய வெச்சுட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?"

4

புரட்டாசியில் ஒருநாள் பிஸ்வாஸ் பாபு வீட்டுக்கு வந்தார். என்னிடம் வேலை கற்றவர், இப்போது மருத்துவத் துறை அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. வங்காளி, என்னை அண்ணன் முறையில் 'தாதா' என்பார், அவசரம் என்றால் மட்டும் செருப்பைக் கழற்ற மறந்துவிடுவார். அன்று செருப்போடு உள்ளே வந்தார்.

வசந்தி போலீஸ் வயர்லெஸ் மூலம் செய்தி அனுப்பியிருந்தாள். யானைப் பாகனான மாவுத்தன் முத்தையாவின் மனைவி ராசாத்திக்கு மாதம் நிறைந்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது. உடனே படகு அனுப்புங்கள். அலுவலகம் பதில் அனுப்பியிருந்தது. நோயாளிக்குப் படகு கோரும் படிவத்தில் அந்த நிலையத்தின் மருத்துவ அதிகாரிதான் கையெழுத்திட வேண்டும், பயிற்சியாளரின் கையெழுத்து ஏற்கத்தக்கதல்ல.

"அங்கே மருத்துவ அதிகாரி இல்லை என்பதால்தானே அவளை அனுப்பினீர்கள்?" என்று கேட்டேன்.

"ஸஹி பாத், தாதா, நியாயம்தான். ஆனா ரூல்ல அப்படித்தானே இருக்கு," என்றார் பிஸ்வாஸ். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் அலுவலகத்துக்குப் போனேன். என் பழைய நாற்காலியில் இருந்தவர் எழுந்து நின்று மரியாதை செய்தார்; தேநீர் வரவழைத்தார். அனுப்புவதற்கு அவள் மருத்துவ உதவியாளர், கையெழுத்துக்கு மட்டும் பயிற்சியாளரா என்றேன். இரண்டும் வெவ்வேறு கோப்புகள் சார் என்றார். மேலிடத்துக்குக் குறிப்பு எழுதியிருப்பதாகவும், கையெழுத்து ஆகிவிட்டால் படகு போகும் என்றும் சொன்னார். மேலதிகாரி எங்கே என்றேன். கார் நிக்கோபார் தீவுக்குப் போயிருந்தார். தேநீர் ஆறிப்போகும் வரை நின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் பகலில் பிஸ்வாஸ் என்னைக் கடைத்தெருவில் பிடித்தார். "தாதா, உங்க பொண்ணு இருக்கிற தீவுல யானைக்கு உடம்பு சரியில்லையாம். வயித்து உப்புசம். காட்டிலாகா இன்னிக்கே மோட்டார் லாஞ்ச் அனுப்பிடுச்சு."

அந்தத் தீவில் மரம் இழுக்க ஒரே ஒரு யானைதான் உண்டு. மோகினி. அதன் மாவுத்தன் முத்தையா. யானைக்குப் படகு கோர ரேஞ்சர் கையெழுத்தே போதும். யானையை வேறிடத்துக்குக் கொண்டுபோனால் மாவுத்தனும் அவன் குடும்பமும் கூடவே போகலாம் என்பதும் விதி. ராசாத்தி நோயாளியாக வர முடியாது. யானையின் குடும்பமாக வரலாம்.

எப்படி நடந்தது என்று வசந்தி பிறகு சொன்னாள். பஞ்சாபி ரேஞ்சரிடம் போய், மோகினிக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றாளாம். அவர் வெளியே எட்டிப் பார்த்தார். மோகினி ஒரு முழு வாழைமரத்தை முடித்துவிட்டு அடுத்ததை முறித்துக்கொண்டிருந்தது. ரேஞ்சர் மீசையைத் தடவிக்கொண்டு, "ஹாங் பேட்டி, பஹுத் பீமார் ஹை," ஆமாம் மகளே, ரொம்பவே சீக்குதான், என்று சொல்லிப் பேனாவை எடுத்தாராம்.

5

லாஞ்ச் இழுத்துவந்த தட்டைப் படகு மூன்றாம் நாள் மாலை போர்ட் பிளேர் வந்தது. மோகினி முழு வேலைநிறுத்தம் செய்து, நீரேற்றம் வரும்வரை படகில் கால் வைக்க மறுத்ததில் பாதிப் பகல் போயிருந்தது. ராசாத்தியை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்ப லாஞ்ச் ஓட்டி சம்மதிக்கவில்லை. யானைக்கென்று எழுதி வந்த படகு. யானை இல்லாமல் எப்படிப் போவது என்றானாம். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. அவனும் எங்கள் ஊர்க்காரன் ஆகிவிட்டான்.

ஜெட்டியில் எல்லாம் தயாராக இருந்தது. கால்நடை டாக்டர் நின்றார். லாரியில் தண்டும் தழையும் பரப்பியிருந்தது. பெரிய அண்டாவில் மருந்துக் கஷாயம். யானை நடக்கச் சிரமப்பட்டால் பிடித்துக்கொள்ள ஆட்கள். ஆஸ்பத்திரியில் நான் சொல்லிப் பார்த்தும் ராசாத்திக்காக யாரும் வரவில்லை. அவளைப் பற்றிச் சொன்ன செய்திதான் கையெழுத்துக்குக் காத்திருந்ததே.

மோகினியின் கால்களுக்கு அப்பால், தார்ப்பாய் நிழலில், இடுப்புக்குக் கீழே சாக்குகளை உயர்த்தி வைத்து அவளைக் கிடத்தியிருந்தாள் வசந்தி. பாதி வழியிலேயே வலி எடுத்துவிட்டது. குழந்தையின் கை வெளியே வந்திருந்தது. வசந்தி என்னைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் விரல்கள் ராசாத்தியின் நாடியில் இருந்தன.

கால்நடை டாக்டர் மலையாளி. படகுக்குள் குதித்தவர் யானையைக் கடந்து போனார், ஒரு நொடி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து லாரிக்காரனைக் கத்திக் கூப்பிட்டார்.

"யானை நிக்கட்டே. ஆதியம் இவரைக் கேற்று."

யானை நிற்க, அதற்குப் பரப்பிய தழையின் மேல் முதலில் ராசாத்தியை ஏற்றிக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மேட்டில் லாரி திணறியபோது வசந்தி ராசாத்தியின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். தமிழும் ஹிந்தியுமாக இருந்தது. அதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை.

வயிற்றைக் கீறினார்கள். ராசாத்தி பிழைத்தாள். ஆண் குழந்தை, முந்தின இரவே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். மாவுத்தன் முத்தையா பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். அரசு யானையை ஒப்படைக்காமல் ஜெட்டியை விட்டு நகரக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தவரிடம் விஷயத்தை நான்தான் சொன்னேன்.

"ஏனுங்க அய்யா, மோகினிக்குத் தண்ணி காட்டினாங்களா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான் அப்போது.

வசந்தி தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து நின்றாள். "அப்பா, புக்ல இதுக்கு ஒரே லைன்தான். உடனே டாக்டர்கிட்ட அனுப்பணும்னு. நான் அனுப்பினேன்ல?"

அனுப்பினாய் என்றேன்.

6

அலுவலகம் சும்மா இருக்குமா? வசந்திக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அனுமதியின்றி நிலையத்தை விட்டு வந்தது ஏன்? பயிற்சி பெறாத துறையில் நோயாளியைக் கையாண்டது எந்த அதிகாரத்தில்? ரேஞ்சருக்கும் ஒன்று போனது: யானையைப் பரிசோதித்ததில் பூரண ஆரோக்கியமாக உள்ளது, விளக்கவும். கடல்காற்றில் குணமாகிவிட்டது என்று அவர் பதில் எழுதினார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

வசந்தியின் விளக்கத்தை நான் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல வரைவு எழுதியதில்லை. பயிற்சி முடித்ததாகக் கருதினால் அவள் செய்தது கடமை. முடிக்கவில்லை என்றால் அவளை அனுப்பியது யார்? எச்சரிக்கையோடு விட்டார்கள். அடுத்த கப்பலில் அதே தீவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ராசாத்தி தேறியதும் முத்தையாவும் அவளும் மோகினியோடு அங்கேயே திரும்பினார்கள்.

அதன் பிறகு நான் ஒரு மனுக் கொடுத்தேன். இரண்டே கோரிக்கை. ஒன்று, அவளை அழைத்துப் பிரசவ வார்டுப் பயிற்சியை உண்மையிலேயே கொடுங்கள், அதுவரை அங்கே ஒரு டாக்டரை வையுங்கள். அல்லது, நோயாளிக்குப் படகு கோரிக் கையெழுத்திடும் அதிகாரத்தையாவது அவளுக்குக் கொடுங்கள். பிஸ்வாஸ் பாபுவே வாங்கிக்கொண்டார். நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். பரிசீலனையில் இருப்பதாக பிஸ்வாஸ் வாய்மொழியாகச் சொல்வார். இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

காட்டிலாகா மட்டும் சுறுசுறுப்பாக ஒன்று செய்தது. இனி யானைக்கு நோய் என்றால் கால்நடை டாக்டர் நேரில் பார்த்துச் சான்று தராமல் படகு கிடையாது. எங்கள் அலுவலகங்கள் ஓட்டைகளை அடைப்பதில் சுணங்குவதே இல்லை, கூரை ஓட்டையைத் தவிர.

போன மாதம் மீன்பிடி லாஞ்ச் ஒன்றில் வசந்தியின் கடிதம் வந்தது. எழுத்து தமிழ்தான். "ராசாத்தி அக்கா மறுபடி உண்டாகியிருக்கு. மார்கழிக்குள்ள ஆகும். போன தடவை கீறின இடம் தாங்காது அப்பா. வலி வர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில இருக்கணும். கப்பல் எப்ப வரும்? புக்ல இதுக்கும் ஒரே லைன்தான்."

எத்தனையோ பிரசவங்கள் பார்த்திருக்கிறாள் இந்த ஒரு வருஷத்தில். எல்லாம் தலை கீழே, நேரான பிள்ளைகள். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மீன்பிடி லாஞ்சில் நிறைமாதப் பெண்ணை ஏற்ற மீனவர்கள் பயப்படுகிறார்கள். காற்று மாறும் காலம். மிஞ்சியிருப்பது அரசுப் படகு. அதற்கு ஒரு கையெழுத்து.

சரஸ்வதி கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தாள். "வேலையை விட்டுட்டு வரச் சொல்லுங்க."

"வர மாட்டாள்."

"தெரியும். சொல்லித்தான் பாருங்களேன்."

சொல்லி எழுதினேன். லாஞ்ச் எப்போது போகுமோ.

7

மேலே உள்ளதை எழுதி நாட்கள் ஆகிவிட்டன. பத்திரிகைக்கு அனுப்பாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்று பிஸ்வாஸ் பாபு வந்தார், செருப்போடு. பதில் வந்துவிட்டது என்றார். என் கையில் கொடுத்துவிட்டு, நான் படிப்பதைப் பார்க்காமல், வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"மேற்படி பயிற்சியாளர் சென்ற ஆண்டு சிக்கலான பிரசவம் ஒன்றை நேரில் கையாண்டு பெற்ற அனுபவத்தைக் கருத்தில் கொண்டு, அவர் பிரசவ வார்டுப் பயிற்சியை முழுமையாக முடித்தவராகக் கருதப்படுகிறார். எனவே அவரைத் திரும்ப அழைக்கும் தேவை எழவில்லை. படகு கோரும் அதிகாரம் குறித்துத் தனியே பரிசீலிக்கப்படும்."

செத்துப்போன அந்தக் குழந்தைதான் என் மகளுக்குப் பயிற்சி. சரஸ்வதி அடுக்களையிலிருந்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். தேங்காய் துருவும் சத்தம் சற்று நின்று, மறுபடி தொடங்கியது.

"தாதா," என்றார் பிஸ்வாஸ் வாசலிலிருந்து. கையை நீட்டித் துறைமுகத்தைக் காட்டினார். கம்பத்தில் புயல் கூண்டு ஏறிக்கொண்டிருந்தது. கூண்டு இறங்கும் வரை ஜெட்டியிலிருந்து எதுவும் கிளம்பாது. யானைக்கும் சேர்த்துத்தான்.

எந்தக் காகிதம் வந்தாலும் மேல் மூலையில் வந்த தேதியைக் குறிப்பது என் சர்வீஸ் பழக்கம். கை தானாகப் பேனாவை எடுத்தது. அக்டோபர் பதினேழு, திங்கட்கிழமை.